ஈஸ்டில் தூது ஆர்.என்.ஏ. சிதைவை அளக்க நுண்ணுயிர் எதிர்ப்பிகளைப் பயன்படுத்தும் முறை

ஒரு செல்லில் குறிப்பிட்ட தூது ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் மூலக்கூறு) எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது எளிது. அது எவ்வளவு வேகமாக அழிகிறது என்று அளப்பது அவ்வளவு எளிதன்று. நாம் காணும் அளவு, உற்பத்தியும் சிதைவும் ஒன்றையொன்று ஈடுசெய்த பிறகு மிஞ்சும் நிலுவை மட்டுமே. உற்பத்தியை நிறுத்திவிட்டு, மிஞ்சியது குறையும் வேகத்தைப் பின்தொடர்ந்தால் சிதைவின் வேகம் தெரிந்துவிடும் என்பதே இம்முறையின் அடிப்படை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே ஈஸ்டில் படியெடுப்பை, அதாவது மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதை, நிறுத்தத் தயோலூட்டின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பியையும், புரதத் தொகுப்பை நிறுத்திச் சிதைவின் போக்கை ஆராயச் சைக்ளோஹெக்சிமைடையும் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். இவ்விரண்டையும் பயன்படுத்தும் முறையையும், அவை தரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தடுப்பான்கள் எவையும் ஒரேயொரு செயலை மட்டும் நிறுத்துவதில்லை. மருந்தைச் சேர்த்த நொடியிலிருந்து நாம் அளப்பது, அம்மருந்தால் பாதிக்கப்பட்ட செல்லில் நடக்கும் சிதைவையே தவிர, இயல்பாக வளரும் செல்லில் நடக்கும் சிதைவை அன்று. சோதனையின் திட்டம் முழுவதும் இந்த வேறுபாட்டைக் குறைப்பதற்காகவே அமைய வேண்டும்.

எந்த மருந்து எதை நிறுத்துகிறது

தயோலூட்டின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியங்கள் உருவாக்கும், கந்தக அணுக்கள் கொண்ட மஞ்சள் நிறச் சேர்மம். ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் நொதிகளான ஈஸ்டின் மூன்று ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்களையும் அது தடுக்கும் என்பது 1970களிலேயே சோதனைக் குழாய் ஆய்வுகளில் தெரியவந்தது. செல்லுக்குள் ஒடுக்கமடைந்த பிறகு அது துத்தநாகம் போன்ற உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே துத்தநாகத்தைச் சார்ந்த பிற நொதிகளும் அதனால் பாதிக்கப்படுகின்றன. 1,10-ஃபினாந்த்ரோலினும் உலோக அயனிகளைப் பற்றியே படியெடுப்பை நிறுத்துகிறது. அது நுண்ணுயிர் எதிர்ப்பி வகையைச் சேர்ந்ததன்று என்றாலும், மலிவாகக் கிடைப்பதால் தயோலூட்டினுக்கு மாற்றாகப் பல ஆய்வகங்களில் பயன்படுகிறது. இரண்டும் உலோக அயனிகளோடு தொடர்புடையவை என்பதால், ஒன்றின் முடிவை மற்றொன்று உறுதிப்படுத்துகிறது என்று சொல்லும்போது எச்சரிக்கை தேவை: இரண்டும் ஒரே திசையில் பிழை செய்யக்கூடும்.

பாலூட்டிகளின் செல்களில் வழக்கமாகக் கையாளப்படும் ஆக்டினோமைசின்-டி, ஆல்ஃபா-அமானிட்டின் ஆகியவற்றை இங்கே நாட வேண்டாம். உயிருள்ள ஈஸ்ட் செல்லுக்குள் இவை போதிய அளவில் புகுவதில்லை. அதோடு ஈஸ்டின் இரண்டாம் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், ஆல்ஃபா-அமானிட்டினைப் பாலூட்டிகளின் பாலிமரேஸைவிட நன்றாகத் தாங்கும். 6-அசாயுராசில் நியூக்ளியோடைடு இருப்பைக் குறைத்துப் படியெடுப்பை மந்தப்படுத்துகிறதே தவிர, முழுமையாக நிறுத்துவதில்லை.

சைக்ளோஹெக்சிமைடு முற்றிலும் வேறு வேலையைச் செய்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸிலிருந்து கிடைக்கும் இந்த மருந்து, புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் பெரிய துணையலகில் பிணைந்து, தூது ஆர்.என்.ஏ.வின் மீது ரைபோசோம் நகர்வதைத் தடுக்கிறது. படியெடுப்பை அது நேரடியாக நிறுத்துவதில்லை. ஆகவே சைக்ளோஹெக்சிமைடை மட்டும் சேர்த்து அரை ஆயுட்காலத்தை (ஆர்.என்.ஏ.வில் பாதி அழிய ஆகும் நேரத்தை) அளக்க முயல்வது பொருளற்றது. அதன் உண்மையான பயனைப் பின்னர் காண்போம்.

மருந்தின் அளவை முடிவுசெய்தல்

தயோலூட்டினை ஒரு மில்லிலிட்டருக்கு 3 முதல் 10 மைக்ரோகிராம் வரையும், ஃபினாந்த்ரோலினை ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவிலும் பயன்படுத்துவது வழக்கம். தயோலூட்டினை டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானிலும் ஃபினாந்த்ரோலினை எத்தனாலிலும் கரைத்து வைக்க வேண்டும். கரைப்பான் வளர்ப்பின் கன அளவில் 0.5 சதவீதத்தைத் தாண்டாதபடி மூலக் கரைசலைச் செறிவாகத் தயாரித்து, சிறு பங்குகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் உறைநிலையில் வைப்பது நல்லது. திரும்பத் திரும்ப உருகி உறைந்த பங்கைப் பயன்படுத்தக் கூடாது.

மேற்சொன்ன அளவு வரம்பைப் பார்த்துவிட்டு நடுவிலுள்ள ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதே பலர் செய்வது. இந்த இடத்தில்தான் முறையின் முழு நம்பகத்தன்மையும் தீர்மானிக்கப்படுகிறது என்பதால் சற்று நின்று யோசிக்க வேண்டும். மருந்து குறைவாக இருந்தால் படியெடுப்பு ஓரளவு தொடரும். புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ. பழையதன் இழப்பை மறைப்பதால், சிதைவு மெதுவாக நடப்பதுபோல் தோன்றும். மருந்து மிகுதியாக இருந்தாலோ, வேறொரு சிக்கல் எழுகிறது: தயோலூட்டின் அளவு கூடக்கூட, தூது ஆர்.என்.ஏ. சிதைவையே அது தடுக்கிறது என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆக, இரு பிழைகளும் ஒரே பக்கம் சாய்கின்றன. இரண்டுமே அரை ஆயுட்காலத்தை உண்மையைவிட நீட்டிக் காட்டுகின்றன.

இது தொல்லைதான் என்றாலும், இதிலிருந்தே ஒரு நடைமுறை வழி பிறக்கிறது. வேகமாகச் சிதைவது என்று நன்கு அறியப்பட்ட ஒரு தூது ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு, நான்கைந்து மருந்தளவுகளில் அதன் அரை ஆயுட்காலத்தை அளந்து பார்க்க வேண்டும். எம்.எஃப்.ஏ.2 மரபணுவின் ஆர்.என்.ஏ. இதற்கு ஏற்றது, அதன் அரை ஆயுட்காலம் சுமார் 3 முதல் 5 நிமிடங்கள். எந்த மருந்தளவில் மிகக் குறுகிய அரை ஆயுட்காலம் கிடைக்கிறதோ, அந்த அளவே இரு பிழைகளும் குறைந்திருக்கும் இடம். இந்தச் சோதனையை ஈஸ்டின் இரு இணைவு வகைகளில் எம்.ஏ.டி. ஏ வகையில் செய்ய வேண்டும், எம்.ஏ.டி. ஆல்ஃபா வகையில் எம்.எஃப்.ஏ.2 வெளிப்படுவதில்லை.

படியெடுப்பு உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதைத் தனியாகவும் சரிபார்க்க வேண்டும். ஆக்ட்1 மரபணுவின் இன்ட்ரானை, அதாவது முதிர்ந்த ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதியைக், குறிவைக்கும் பிரைமர்களால் (குறிப்பிட்ட வரிசையில் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகளால்), இன்னும் வெட்டி ஒட்டப்படாத முன்னோடி ஆர்.என்.ஏ.வை அளப்பது எளிய வழி. அந்த முன்னோடி மிகக் குறைந்த நேரமே நிலைத்திருப்பதால், புதிய உற்பத்தி நின்ற சில நிமிடங்களிலேயே அதன் அளவு சரிந்துவிட வேண்டும். மற்றொரு வழி, ராஃபினோஸில் வளர்ந்த செல்களில் முதலில் மருந்தையும் பிறகு காலக்டோஸையும் சேர்ப்பது. மருந்து வேலை செய்தால், காலக்டோஸ் வழக்கமாக இயக்கும் கேல்1 மரபணு தூண்டப்படக் கூடாது.

இதே நேரத்தில் வெப்ப அதிர்ச்சி மரபணுக்களையும் பார்த்துவிடுவது நல்லது. தயோலூட்டினும் ஃபினாந்த்ரோலினும், படியெடுப்பைத் தடுப்பவையாக இருந்தும், வெப்ப அதிர்ச்சி எதிர்வினையைத் தூண்டக்கூடியவை. படியெடுப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்த பிறகு சில ஆர்.என்.ஏ.க்களின் அளவு கூடுவதைக் காணும்போது மாதிரிகளின் வரிசை மாறிவிட்டதோ என்ற ஐயம் முதலில் எழும். பெரும்பாலும் காரணம் இந்த எதிர்வினைதான். இத்தகைய மரபணுக்களின் சிதைவை இம்மருந்துகளைக் கொண்டு அளக்க இயலாது.

வளர்ப்பும் மாதிரி எடுப்பும்

இரவு முழுவதும் வளர்ந்த ஈஸ்டை, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.1 ஆகும்படி புதிய ஊடகத்தில் நீர்த்து, 30° செல்சியஸில் குலுக்கிக்கொண்டே 0.4 முதல் 0.5 வரை வளர்க்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் குளுக்கோஸ் குறையத் தொடங்கும். குளுக்கோஸ் குறைவே புரதத் தொகுப்பையும் ஆர்.என்.ஏ. சிதைவையும் மாற்றக்கூடியது. ஒரு செல்லுக்குக் கிடைக்கும் மருந்தின் அளவு செல்களின் அடர்த்தியைப் பொறுத்தது என்பதால், ஒப்பிடவிருக்கும் எல்லா வகைகளையும் ஒரே அடர்த்தியில் வைத்திருக்க வேண்டும். ஊடகமும் ஒன்றாகவே இருக்கட்டும். செறிவூட்டிய ஊடகத்தில் முடிவுசெய்த மருந்தளவு, உலோக அயனிகள் வேறு விகிதத்தில் உள்ள செயற்கை ஊடகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பழைய செய்முறைகள் பலவற்றில், மருந்தைச் சேர்ப்பதற்கு முன் செல்களை மையவிலக்கியில் சுழற்றிப் பத்து மடங்கு செறிவாக்கும் படி ஒன்று உண்டு. மாதிரிகளைச் சிறிய குழாய்களில் எடுக்க அது வசதியானது. ஆனால் சுழற்சியின்போது செல்கள் அடியில் நெருக்கமாகப் படிந்து குளுக்கோஸும் ஆக்சிஜனும் இன்றிச் சில நிமிடங்கள் கிடக்கின்றன; குளுக்கோஸ் அகன்ற ஈஸ்டில் புரதத் தொகுப்பு ஓரிரு நிமிடங்களிலேயே தணிந்துவிடும். கூடுதல் ஊடகம் செலவானாலும் செறிவாக்காமல் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒரு மாதிரிக்கு 10 மில்லிலிட்டர் வீதம் 11 நேரப் புள்ளிகளுக்கு 110 மில்லிலிட்டர் தேவைப்படும். 120 மில்லிலிட்டராக வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் செறிவுள்ள தயோலூட்டின் மூலக் கரைசலில் 300 மைக்ரோலிட்டரைச் சேர்க்கும்போது 5 மைக்ரோகிராம் என்ற இறுதிச் செறிவும் 0.25 சதவீத டி.எம்.எஸ்.ஓ.வும் கிடைக்கும். அருகிலேயே இன்னொரு குடுவையில் டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் அதே அளவு சேர்த்து, தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் மாதிரி எடுக்க வேண்டும். நாம் காணும் மாற்றம் கரைப்பானால் வந்ததன்று என்பதற்கு அதுவே சான்று.

நேரப் புள்ளிகளை ஆராயப்படும் ஆர்.என்.ஏ.வே தீர்மானிக்கிறது. வேகமாகச் சிதைபவற்றுக்கு 0, 2, 4, 6, 8, 10, 15, 20 நிமிடங்கள் வேண்டும். அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 45 நிமிடங்கள் எனச் சொல்லப்படும் பி.ஜி.கே.1 போன்றவற்றுக்கு 30, 45, 60 நிமிடங்களையும் சேர்க்க வேண்டும். குறைந்தது இரண்டு அரை ஆயுட்காலங்களாவது பின்தொடரப்பட வேண்டும் என்பது பொது விதி; ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் மருந்தில் இருந்த செல்கள் நலமாக இல்லை என்பதால், நீண்ட நேரம் நிலைக்கும் ஆர்.என்.ஏ.க்களின் அரை ஆயுட்காலத்தைத் துல்லியமான எண்ணாகச் சொல்வதைக் காட்டிலும், 'இவ்வளவு நிமிடங்களுக்கு மேல்' என்று சொல்வதே பொருத்தம். சுழிய நேர மாதிரியை மருந்து சேர்ப்பதற்குச் சற்று முன்பே, அதே குடுவையிலிருந்து எடுக்க வேண்டும்.

மாதிரியை எடுத்தவுடன் சிதைவை நிறுத்தியாக வேண்டும். 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் வெற்றிடத்தால் உறிஞ்சி, தாளையே திரவ நைட்ரஜனில் போடுவது சிறந்த வழி. அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வடிகட்டும் அமைப்பு இல்லாதவர்கள், முன்பே கடுங்குளிரில் வைத்த மெத்தனாலில் மாதிரியை நேரடியாக ஊற்றி, பிறகு நிதானமாக மையவிலக்கியில் சுழற்றலாம். இரண்டு நிமிட இடைவெளியில் ஒருவரே இரண்டு குடுவைகளைக் கையாள்வது இயலாத வேலை. ஒன்று, துணைக்கு இன்னொருவர் வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் குடுவையின் தொடக்கத்தை முதல் குடுவையின் விரைவான புள்ளிகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். திட்டமிட்ட நேரத்துக்கும் மாதிரி உறைந்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தால், கணக்கில் உண்மையான நேரத்தையே எழுத வேண்டும்.

மருந்துகளைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சைக்ளோஹெக்சிமைடு மனிதருக்கும் நச்சு, ஃபினாந்த்ரோலினும் அப்படியே. கழிவுகளைத் தனியே சேகரித்து, நிறுவனத்தின் விதிப்படி அகற்ற வேண்டும்.

ஆர்.என்.ஏ.வைப் பிரித்தலும் அளத்தலும்

ஈஸ்டின் செல்சுவர் உறுதியானது. அமிலத்தன்மையுள்ள ஃபீனாலை 65° செல்சியஸில் சூடாக்கி, எஸ்.டி.எஸ். கலந்த தாங்கல் கரைசலில் செல்களோடு சேர்த்து அவ்வப்போது நன்கு குலுக்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது. இதைப் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டுமே செய்ய வேண்டும். சூடான ஃபீனால் தோலில் பட்டால் கடுமையாகப் புண்ணாக்கும்.

அளக்கும் கட்டத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, எதிர்ப்படியெடுப்புக்கு (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுப்பதற்கு) ஒலிகோ-டி.டி. பிரைமரைப் பயன்படுத்துவது. ஈஸ்டின் பெரும்பாலான தூது ஆர்.என்.ஏ.க்களில் சிதைவு, பாலி-ஏ வால் (3′ முனையிலுள்ள அடினைன் தொடர்) குறுகுவதில்தான் தொடங்குகிறது. அதன் பின்னரே டி.சி.பி.2 நொதி 5′ முனையைக் காக்கும் மூடியை நீக்க, எக்ஸ்.ஆர்.என்.1 நொதி 5′ முனையிலிருந்து மூலக்கூற்றை அரித்துச் செல்கிறது. ஒலிகோ-டி.டி. பிரைமர் வாலைப் பிடித்தே தொடங்குவதால், வால் குறுகிய, ஆனால் இன்னும் அழியாத மூலக்கூறுகளை அது காணத் தவறுகிறது. விளைவாக, வால் இழப்பின் வேகத்தை நாம் சிதைவின் வேகம் என்று பிழையாக எண்ணிவிடுகிறோம். எழுந்தமான வரிசையில் ஆறு காரங்கள் கொண்ட பிரைமர்களையோ மரபணுவுக்கே உரிய பிரைமரையோ பயன்படுத்தினால் இச்சிக்கல் இல்லை. இதே காரணத்தால், வரிசைப்படுத்தலுக்கு முன் பாலி-ஏ வாலைக் கொண்டு ஆர்.என்.ஏ.வைத் தேர்ந்தெடுப்பதைவிட ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை நீக்கும் முறையே மேலானது. நார்தர்ன் பிளாட் (ஆர்.என்.ஏ.வை நீளப்படி பிரித்துக் காட்டும் முறை) செய்ய முடிந்தவர்கள் அதைக் கைவிட வேண்டாம். மூலக்கூற்றின் நீளம் குறைவதையும் இடைநிலைத் துண்டுகளையும் கண்ணால் காணும் வாய்ப்பு அதில்தான் உண்டு.

இரண்டாவது தவறு, மாதிரிகளை ஒப்பிட மாறாத அடிப்படையாகக் கொள்ளும் ஒப்பளவில் நேர்வது. ஆக்ட்1 ஆர்.என்.ஏ.வை ஒப்பளவாக வைப்பது மற்றச் சோதனைகளில் பழகிப்போன வழக்கம். இங்கே ஆக்ட்1 தானும் சிதைந்துகொண்டிருக்கிறது. ஒப்பளவு குறைந்துகொண்டே போனால், அதனோடு ஒப்பிடப்படும் அனைத்தும் உண்மையைவிட நிலையாகத் தெரியும். மூன்றாம் பாலிமரேஸ் உருவாக்கும் எஸ்.சி.ஆர்.1 ஆர்.என்.ஏ., ஒரு மணி நேரச் சோதனையில் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் ஒப்பளவுக்கு ஏற்றது. அதைவிடவும் உறுதியான வழி, ஒவ்வொரு மாதிரியிலும் சம எண்ணிக்கையில் ஸ்கிசோசாக்கரோமைசிஸ் பாம்பே என்னும் வேறோர் ஈஸ்ட் இனத்தின் செல்களை, ஆர்.என்.ஏ. பிரிப்பதற்கு முன்பே கலந்துவிடுவது. பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பையும் அது ஈடுசெய்யும்.

முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தும்போது இந்த வெளி ஒப்பளவு இல்லாமல் தொடங்கவே கூடாது. மொத்தத் தூது ஆர்.என்.ஏ. ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்த மாதிரியிலும், முழு அளவுள்ள மாதிரியிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் வரிசைகள் படிக்கப்படுகின்றன. சராசரியைவிட மெதுவாகச் சிதையும் ஆர்.என்.ஏ.க்கள், தம் பங்கு கூடுவதால், மருந்து சேர்த்த பின் பெருகுவதுபோல் தோன்றும். வெளி ஒப்பளவின்றி கிடைத்த தரவிலிருந்து எந்த ஆர்.என்.ஏ. எதைவிட நிலையானது என்ற வரிசையைச் சொல்லலாம். நிமிடக் கணக்கைச் சொல்ல முடியாது.

அரை ஆயுட்காலத்தைக் கணக்கிடுதல்

ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் மிஞ்சிய அளவைச் சுழிய நேர அளவால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைய வேண்டும். சிதைவு ஒரே மாறிலியால் ஆளப்பட்டால் நேர்க்கோடு கிடைக்கும், அதன் சரிவின் எண்மதிப்பே சிதைவு மாறிலி, 0.693ஐ அம்மாறிலியால் வகுத்தால் அரை ஆயுட்காலம். 0, 5, 10, 20 நிமிடங்களில் 100, 71, 50, 25 என்ற அளவுகள் கிடைத்தால் அரை ஆயுட்காலம் 10 நிமிடங்கள்.

உண்மையான தரவு இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. தொடக்கத்தில் கோடு சற்று நேரம் சரியாமல் கிடப்பது இயல்பு. மருந்து செல்லுக்குள் புக நேரமாகிறது; ஏற்கெனவே டி.என்.ஏ. மீது ஓடிக்கொண்டிருந்த பாலிமரேஸ்கள் வேலையை முடிக்கின்றன. வால் குறுகும் வரை மூலக்கூறும் அழியாமல் காத்திருக்கிறது. இந்தத் தாமதப் பகுதியைக் கணக்கில் சேர்த்தால் அரை ஆயுட்காலம் செயற்கையாக நீளும். எந்தப் புள்ளியிலிருந்து கோடு பொருத்தப்பட்டது என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே, முன்னோடி ஆர்.என்.ஏ. சரிந்த நேரத்தைக் கொண்டு முடிவுசெய்து வைத்திருப்பது நேர்மையான வழி.

இறுதியில் கோடு தட்டையாவது இன்னும் கவனத்துக்குரியது. படியெடுப்பில் பத்தில் ஒரு பங்கு மருந்துக்குத் தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அரை ஆயுட்காலம் 5 நிமிடங்கள் உள்ள ஆர்.என்.ஏ., 20 நிமிடங்களில் 6.25 சதவீதமாகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் எஞ்சிய படியெடுப்பு 10 சதவீத அளவைத் தொடர்ந்து காத்துக்கொண்டிருப்பதால், மீதமுள்ள 90 சதவீதம் மட்டுமே சிதைந்து குறைகிறது. நாம் காண்பது ஏறக்குறைய 15.6 சதவீதம். இரு முனைப் புள்ளிகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால் அரை ஆயுட்காலம் 7.5 நிமிடங்கள் என்று வரும். தப்பிய பங்கு சிறியதே என்றாலும், பிழை 50 சதவீதம். இதே கசிவு, நீண்ட நேரம் நிலைக்கும் ஆர்.என்.ஏ.க்களின் தொடக்கப் புள்ளிகளில் இவ்வளவு தெரியாது. எனவே வேகமாகச் சிதைபவற்றில்தான் பின்னணி அளவையும் ஒரு மாறியாகச் சேர்த்து வளைகோட்டைப் பொருத்த வேண்டியிருக்கிறது. தட்டையான பகுதி, நிலையான ஒரு தனிக் கூட்டம் இருப்பதற்கான அறிகுறி என்று எழுதுவதற்கு முன், கசிவு இல்லை என்பதைக் காட்டியிருக்க வேண்டும்.

வெவ்வேறு நாள்களில், தட்டில் வளர்ந்த வெவ்வேறு காலனிகளிலிருந்து தொடங்கிய மூன்று வளர்ப்புகளாவது தேவை. ஒரே வளர்ப்பின் ஆர்.என்.ஏ.வை மும்முறை அளப்பது கருவியின் துல்லியத்தைத்தான் சொல்லும்.

சைக்ளோஹெக்சிமைடின் இடம்

ஈஸ்டில் தூது ஆர்.என்.ஏ.வின் சிதைவு அதன் மொழிபெயர்ப்போடு, அதாவது அதைக் கொண்டு புரதம் தொகுக்கப்படுவதோடு, பின்னிப் பிணைந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடைச் சேர்த்தால், பல ஆர்.என்.ஏ.க்கள் சிதையாமல் நிலைபெறுகின்றன. எம்.எஃப்.ஏ.2இல் காணப்பட்டபடி, வால் குறுகுவது பெருமளவு தொடர்ந்தாலும் மூடி நீக்கம் தடைபடுகிறது. ஆர்.என்.ஏ.க்கள் ரைபோசோம்களில் சிக்கிக்கொள்வதால், சிதைவுப் புரதங்கள் திரளும் பி-உடல்கள் உருவாவதும் நிற்கிறது.

ஓர் ஆர்.என்.ஏ.வின் சிதைவு மொழிபெயர்ப்பைச் சார்ந்ததா என்று அறிய, இரண்டு குடுவைகளிலும் தயோலூட்டினைச் சேர்த்து, ஒன்றில் மட்டும் அதற்கு ஓரிரு நிமிடங்கள் முன் சைக்ளோஹெக்சிமைடைச் சேர்க்க வேண்டும். தயோலூட்டின் இல்லாமல் சைக்ளோஹெக்சிமைடை மட்டும் சேர்த்தால் ஆர்.என்.ஏ. அளவு கூடுவது தெரியும். அது நிலைத்தன்மையாலா கூடிய உற்பத்தியாலா என்று பிரித்தறிய முடியாது. புரதத் தொகுப்பு நின்ற செல்லில் பயன்படாத அமினோ அமிலங்கள் சேர்ந்து வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டி.ஓ.ஆர். சமிக்ஞைப் பாதையைத் தூண்டுவதால், ரைபோசோம் உருவாக்கத்தோடு தொடர்புடைய மரபணுக்களின் படியெடுப்பும் மாறக்கூடும்.

முன்கூட்டியே நிறுத்தக் குறி பெற்ற ஆர்.என்.ஏ.க்களை அழிக்கும் தரக் கட்டுப்பாட்டுப் பாதையை ஆராய்பவர்களுக்கு இந்த மருந்து மிகவும் உதவும். சி.ஒய்.எச்.2 மரபணுவின் முன்னோடி ஆர்.என்.ஏ. சரியாக வெட்டி ஒட்டப்படாமல் கணிசமாக சைட்டோபிளாசத்துக்குள் நழுவி வந்து, யு.பி.எஃப்.1 புரதம் இயங்கும் இப்பாதையால் அழிக்கப்படுகிறது. முன்னோடிக்கும் முதிர்ந்த ஆர்.என்.ஏ.வுக்கும் உள்ள விகிதம் யு.பி.எஃப்.1 நீக்கப்பட்ட வகையிலும் கூடும், சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த இயல்பு வகையிலும் கூடும். ஆகவே ஒவ்வொரு சோதனையிலும் மருந்து வேலை செய்ததற்கான உள்சான்றாக இவ்விகிதத்தை அளந்துவிடலாம். சைக்ளோஹெக்சிமைடைத் தாங்கும் திறன் தரும் மாற்றங்கள் இதே சி.ஒய்.எச்.2 மரபணுவில்தான் முதன்மையாகக் கண்டறியப்பட்டன. சில ஆய்வக வகைகளில் அந்த மாற்றம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், சோதனைக்கு முன் வகையின் மரபணு அமைப்பைப் பார்த்துவிடுங்கள். மூலக் கரைசலைக் காரத்தன்மையுள்ள திரவத்தில் தயாரிக்கக் கூடாது. அதில் சைக்ளோஹெக்சிமைடு விரைவில் செயலிழக்கும்.

ஒரே மரபணுவை அணைத்தல்

ஆராய வேண்டியது ஓரிரண்டு ஆர்.என்.ஏ.க்களே என்றால், செல் முழுவதையும் நிறுத்த வேண்டிய தேவை இல்லை. டெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படும் முன்னியக்கியின் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதியின்) கீழ் அந்த மரபணுவை வைத்து, ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் டாக்சிசைக்ளினைச் சேர்த்தால், அங்கே அமர்ந்திருக்கும் செயற்கைத் தூண்டுபுரதம் டி.என்.ஏ.வை விட்டு விலகி, அந்த மரபணுவின் படியெடுப்பு மட்டும் நிற்கும். மற்ற மரபணுக்கள் இயல்பாக இயங்குவதால், ஆக்ட்1ஐ ஒப்பளவாக வைப்பதும் இங்கே முறையானதே. காலக்டோஸில் வளர்த்துப் பின் 2 சதவீதக் குளுக்கோஸ் சேர்த்து கேல்1 முன்னியக்கியை அணைக்கும் முறை இன்னும் பரவலானது. ஆனால் சர்க்கரை மாற்றமே செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் திருப்பிவிடுகிறது. இரண்டிலும் ஆர்.என்.ஏ.வின் 5′ முனை இயற்கையான மரபணுவின் அதே இடத்தில் தொடங்குமாறு கட்டமைப்பு இருக்க வேண்டும். தலைப்பகுதி நீண்டாலோ குறைந்தாலோ மொழிபெயர்ப்பு மாறி, அதோடு சிதைவும் மாறும்.

சரிபார்த்தலும் எழுதுதலும்

தயோலூட்டின் தரும் நிமிடக் கணக்கை முற்றுண்மையாக எடுத்துக்கொள்ளாமல், இரு வகைகளை ஒப்பிடும் கருவியாகக் கொள்வதே என் பரிந்துரை. இயல்பு வகையில் 6 நிமிடங்களும் எக்ஸ்.ஆர்.என்.1 நீக்கப்பட்ட வகையில் 25 நிமிடங்களும் கிடைத்தால், அந்த வேறுபாடு பொருளுள்ளது. அப்போதும் ஓர் ஐயத்தைத் தீர்த்தாக வேண்டும்: இரு வகைகளிலும் மருந்து சம அளவில் வேலை செய்ததா? மருந்துகளை வெளியேற்றும் பி.டி.ஆர்.5 போன்ற புரதங்களின் அளவோ செல்சுவரின் தன்மையோ மாறிய வகைகளில், உள்ளே நிற்கும் மருந்தின் செறிவு வேறுபடும். ஆகவே முன்னோடி ஆர்.என்.ஏ. சரிவை இயல்பு வகையில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு வகையிலும் அளந்து காட்ட வேண்டும்.

முக்கியமான முடிவுகளை மருந்து தேவைப்படாத ஒரு முறையாலும் உறுதிசெய்ய வேண்டும். வெப்பம் தாங்காத ஆர்.பி.பி.1-1 வகையை 37° செல்சியஸுக்கு மாற்றினால் இரண்டாம் பாலிமரேஸ் விரைவில் நிற்கும். இங்கே வெப்ப மாற்றம்தான் பக்கவிளைவு. இந்த வகையைக் கொண்டு 2002இல் முழு மரபணுத்தொகுதிக்கும் வெளியான அளவீட்டில் சராசரி அரை ஆயுட்காலம் 23 நிமிடங்கள் என்று வந்தது. படியெடுப்பை நிறுத்தாமல், 4-தயோயுராசிலால் புதிய ஆர்.என்.ஏ.வை அடையாளமிட்டு அளந்த பிற்கால ஆய்வுகளில் அந்த எண் வெகுவாகக் குறைந்தது. படியெடுப்பு குறையும்போது செல் சிதைவையும் மெதுவாக்கி ஈடுசெய்கிறது என்பது இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். எதிர்த்திசையிலும் இந்த ஈடுசெய்தல் நடக்கிறது: சிதைவு குறையும்போது செல் படியெடுப்பையும் குறைக்கிறது.

முடிவுகளை எழுதும்போது அரை ஆயுட்காலத்தோடு ஈஸ்ட் வகையின் முழு மரபணு அமைப்பு, ஊடகம், வெப்பநிலை, மருந்து சேர்த்தபோது இருந்த ஒளியடர்த்தி, மருந்தின் இறுதிச் செறிவும் கரைப்பானும் தொகுதி எண்ணும், மாதிரியை நிறுத்திய விதம், எதிர்ப்படியெடுப்புப் பிரைமர், ஒப்பளவு, கோடு பொருத்திய நேர எல்லை ஆகிய அனைத்தையும் குறிப்பிட வேண்டும். புதிய தொகுதி மருந்து வந்தவுடன் எம்.எஃப்.ஏ.2 சோதனையை மீண்டும் செய்து, பழைய தொகுதியில் கிடைத்த எண் திரும்பக் கிடைத்த பின்னரே தொடர வேண்டும்.